பத்து முழத்துக்கு நாலு முழம்

என் மூக்குக்கண்ணாடி இடது பக்கம் சற்றுச் சரிந்து உட்காரும். இதை எனக்கு முதலில் சொன்னவர் என் மனைவி அல்ல. அதை விற்ற சீனரும் அல்ல. பள்ளிவாசல் தொட்டியில் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே நின்ற ஒருவர் சலாம் சொன்னார். பதில் சலாம் என் வாயை விட்டு இறங்குவதற்குள் இரண்டு விரலை நீட்டிக் கண்ணாடியை நிமிர்த்திவிட்டார்.

"சாஞ்சிருந்திச்சு தம்பி" என்றார், ஓடுகிற வண்டிக்கு அடியிலிருந்து என்னை இழுத்துப் போட்டவர் மாதிரி.

கண்ணாடி மறுபடியும் சரிந்தது. அவர் மறுபடியும் நிமிர்த்தினார். நாலைந்து நாள் கழித்துத்தான் கோளாறு கண்ணாடியில் இல்லை, மூக்கில் என்று கண்டுபிடித்தார். மூக்கை ஒன்றும் செய்வதற்கில்லை என்பதில் அவருக்கு இருந்த வருத்தம் எனக்கே இல்லை.

அவர் பெயரைப் பள்ளிவாசல் புத்தகத்தில் நானே பலமுறை எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை. நான் அவர் பெயரை எழுதிய இடமெல்லாம் அவருக்குக் கெடுதலாகவே முடிந்தது. இந்த ஓர் இடத்திலாவது விட்டுவைக்கிறேன். ஊர் வைத்த பெயர் கோணக்காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கோணல் அவரிடம் இல்லை. பிறரிடம் இருந்ததை அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படிச் சொல்கிறவனுக்கே அந்தப் பெயரைச் சூட்டிவிடுவது எங்கள் ஜனங்களின் நியாயம்.

நில அளவை ஆபீஸில் சங்கிலி பிடிக்கிற வேலை அவருக்கு. துரை மூன்றுகால் கருவிக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சங்கிலியின் மறுமுனையை இழுத்துக்கொண்டு முள்ளுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் போகிறவர் இவர். பாலிக் புலாவ் ஜாதிக்காய்த் தோப்புகளில் பாதியை இவருடைய முழங்கால் தோல்தான் அளந்தது. இருபது வருஷம் நேர்கோட்டிலேயே நடந்து பழகியவருக்குப் பினாங்குப் பட்டணம் முழுக்க வளைந்தும் நெளிந்தும் கிடந்ததில் ஆச்சரியமில்லை.

சட்டைப் பையில் எப்போதும் ஐந்தாறு மர ஆப்புகள் வைத்திருப்பார், வெற்றிலைப் பாக்கு மாதிரி. தேநீர்க்கடையில் மேசை ஆடினால் குனிந்து ஒன்றைச் சொருகுவார். கடைக்காரர் அதற்காக ஒரு பசியாறலை இனாமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார். "ஆடுற மேசையில நான் எப்படித் திங்கிறது?" என்பார். எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் ஆடாத மேசைகள் எல்லாம் அவர் கைபட்டவை. ஒரு நிக்காஹ்வில், பள்ளியில் தொழவைக்கும் லெப்பை குத்பா ஓதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் மாப்பிள்ளையின் தலைப்பாகையை நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை கொல்லத் தயாராக இருந்தான். பெண் வீட்டார் மட்டும் "நல்ல காரியம் செஞ்சிய" என்றார்கள். அவர்களுக்கு மாப்பிள்ளையைப் பற்றி வேறு சந்தேகங்கள் இருந்தன.

இதுவரை சிரிப்புக்கதை. நான் சிரிப்புக்கதை எழுதுகிறவன் என்று நாலு பேர் என்னை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து ஏமாறட்டும்.

எங்கள் பள்ளிவாசலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. துறைமுகத்துக் கிட்டங்கிகளுக்குப் பின்னால், ஒரு சந்தில், தாழ்வாக உட்கார்ந்திருந்த கட்டடம். குவிமாடம் கிடையாது, மினாரா கிடையாது. தட்டையான கூரை, உள்ளே இருபத்துநாலு தூண். புதிதாக வருகிறவன் அதைக் கிட்டங்கி என்று நினைத்து மூட்டையை இறக்கப் பார்த்ததும் உண்டு. ஆனால் எங்களுக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அது இந்தியக் கரையில் எங்கள் ஊரில் இருக்கிற பழைய கல்பள்ளியின் அச்சு அசல் நகல்.

அந்தக் கல்பள்ளி பாண்டிய ராஜா காலத்தது என்பார்கள். எந்தப் பாண்டியன் என்று கேட்டால் வீட்டுக்கு ஒரு பாண்டியனைச் சொல்வார்கள். கோயில் கட்டிய சிற்பிகளே அதையும் கட்டினார்களாம். தூண் உச்சியில் தாமரை மொட்டு, கொடி, சங்கிலி எல்லாம் இருக்கும். கண்ணும் மூக்கும் உள்ள எதுவும் இருக்காது. வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால் கல்லின் குளிர்ச்சி உச்சந்தலைக்கு ஏறும். எங்கள் பாட்டன்மார் பினாங்குக்குக் கப்பலேறியபோது அரிசி, புளி, கருவாட்டோடு ஒரு கயிறும் கொண்டுவந்தார்கள். கல்பள்ளியின் தூணுக்குத் தூண் இடைவெளி எவ்வளவோ அவ்வளவுக்கு ஒரு முடிச்சு. லெப்பை நின்று தொழவைக்கும் மாடமான மிஹ்ராப் வருகிற இடத்தில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும்.

கல் கிடைக்காததால் செங்கல். சிற்பி கிடைக்காததால் சீனக் கொத்தனார். கடலோரத்துச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பில் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசினார்கள். கொத்தனாருக்குத் தாமரை மொட்டு என்று கையால் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைத் தன் ஊர்ப் பூவாக இதழ் விரித்துச் செய்துவிட்டார். காற்றுத் துவாரத்துக்குச் சீனக்கடைப் பச்சை ஓடுகள். இத்தனை மாறினாலும் அளவு மட்டும் மாறவில்லை. முடிச்சுக்கு முடிச்சு அப்படியே. அந்தக் கயிற்றைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு மிம்பர் மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். நிர்வாகத் தலைவர் ஹாஜியார் வெள்ளிக்கிழமைகளில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டுவார். "ராஜா காலத்து அளவு. ஒரு விரக்கடை பிசகல."

பிசகவில்லைதான். ஆனால் கயிறு நீளத்தைத்தான் கொண்டுவரும், திசையைக் கொண்டுவராது.

தொழுகைக்குத் திரும்புகிற பக்கத்துக்கு எங்கள் பேச்சில் மேற்கு என்றே பெயர். "மேற்கே திரும்பி நில்லு" என்று சொல்லிக்கொடுத்துத்தான் வளர்க்கிறார்கள். கல்பள்ளி சூரியன் இறங்குகிற பக்கம் நேராகப் பார்த்து நிற்கிறது என்று பாட்டன்மாருக்குத் தெரியும். பினாங்கில் கப்பலை விட்டு இறங்கியவர்கள், சூரியன் மலைக்குப் பின்னால் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். அந்தப் பக்கமாகக் கயிற்றை விரித்தார்கள். மக்கா நேர் மேற்கில் இல்லை, கொஞ்சம் வடக்கே ஒதுங்கி இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கோணக்காக்கா கேட்டார்.

அவரிடம் ஆபீஸ் கழித்துப்போட்ட பித்தளைத் திசைகாட்டி ஒன்று இருந்தது, கண்ணாடி கீறியது. அதை வைத்துப் பார்த்தவருக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தை வெளியே சொல்லவில்லை. வெல்டு கீ துறையில் ஹஜ்ஜுக் கப்பல் வந்து நின்றபோது, அதிலிருந்த கிழட்டு அரபு மாலுமி ஒருவரிடம் போய் அரைகுறை அரபியிலும் முழு மலாயிலும் விசாரித்தார். மாலுமி ஒரு கணக்குச் சொன்னார். வருஷத்தில் இரண்டு நாள், வைகாசி நடுவில் ஒன்றும் ஆடி பிறக்கிறபோது ஒன்றும், மக்காவில் உச்சி நேரத்தில் சூரியன் கஅபாவின் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நிமிஷத்தில் வெயில் விழுகிற எந்த ஊரில் ஒரு குச்சியை நட்டாலும், நிழலுக்கு எதிர்ப்பக்கம் கிப்லா, அதாவது தொழுகைத் திசை. பினாங்குக் கடிகாரத்துக்கு அது மாலை நாலே காலுக்குச் சற்று மேல்.

இதை நிர்வாகத்துக்கு எழுதித் தந்தார். ஹாஜியார் முதலில் சிரித்தார்.

"என்னா செக்ரெட்டரி, உங்க காக்கா பாண்டிய ராஜாவுக்கே சங்கிலி பிடிக்கிறாரு போல?"

செக்ரெட்டரி என்றது என்னை. பகலில் ஹாஜியாரின் மளிகைக் கிட்டங்கியில் நான் குமாஸ்தா. பள்ளிவாசலில் சம்பளமில்லாத காரியதரிசி. இரண்டு இடத்திலும் ஒரே வேலை. அவர் நினைப்பதை நல்ல வாசகமாக எழுதவேண்டும்.

வைகாசியில் மழை. ஆடியில் நல்ல வெயில். பள்ளி முற்றத்தில் காக்கா ஓர் ஈட்டிக்கம்பை நட்டு, நூல்குண்டு தொங்கவிட்டு, நாலு பக்கமும் பார்த்து நிமிர்த்தினார். மணிக்கூண்டோடு ஒத்துவைத்த கடிகாரம் கையில். ஹாஜியார், லெப்பை, நான், இன்னும் பத்துப் பேர். நேரம் வந்தது. கம்பின் நிழல் முற்றத்துத் தரையில் கறுப்புக் கோடாக விழுந்து கிடந்தது. பள்ளிச் சுவர் ஒரு பக்கம் போனது. நிழல் இன்னொரு பக்கம் போனது. குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

காக்கா நிழலின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு செப்பு ஆணியை அடித்தார். முழத்தால் அளந்தார். "பத்து முழம் போனா நாலு முழம் வடக்கே ஒதுங்குது" என்றார். வெற்றிச் சிரிப்பு ஒன்றும் இல்லை. என் மூக்கைப் பார்த்தபோது இருந்த அதே வருத்தம்.

பிறகு ஹாஜியார் கேட்டார்: "அப்ப ஊர்ல கல்பள்ளி?"

"அங்கே நான் குச்சி நட்டதில்ல ஹாஜியார்."

"இதே மாதிரிதானே அதும் நிக்கிது? அப்ப அதும் கோணலா? எழுநூறு வருஷமா நம்ம முப்பாட்டன்மாரு தொழுததெல்லாம் கோணலா?"

"அவங்களுக்குத் தெரியாது. தெரியாம நிக்கிறவனுக்கு மன்னிப்பு இருக்கு. இப்ப நமக்குத் தெரிஞ்சு போச்சே, அதுக்கு என்னா செய்றது?"

லெப்பை நல்ல மனிதர். மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொல்றது சரியாகவே இருக்கலாம் காக்கா. ஆனா கூடித் தொழுவுற ஒரு ஜமாஅத்தை உடைச்சிட்டு நேரா நிக்கிறதுல என்னா பலன்?"

காக்கா கம்பைப் பிடுங்கி நூல்குண்டைச் சுற்றினார். ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். "செக்ரெட்டரி, எழுதிக்குங்க."

நான் எழுதினேன்: 'வானம் மூட்டமாக இருந்தபடியால் நிழல் தெளிவுபடவில்லை. பொருள் ஒத்திவைக்கப்பட்டது.' எழுதும்போது வெயில் என் பிடரியைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. மை தொட்ட நிமிஷமே காய்ந்தது. நல்ல வாசகம்தான். இப்போதும் அதில் ஓர் எழுத்தை மாற்றமுடியாது.

மறுநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகையில் காக்கா மூன்றாம் வரிசையில் வடக்கே சாய்ந்து நின்றார்.

தொழுகை வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கவேண்டும். நடுவில் ஒருவர் வடக்கே ஒதுங்கி நின்றால் அவருடைய தோள் வலது பக்கத்தவரின் முதுகில் முட்டும். குனியும்போது தலை எங்கேயோ போகும். ஒரு வாரத்தில் பள்ளியே அமளிதுமளி. பாங்கு சொல்லும் மோதினார் அவரைக் கண்டாலே தொண்டையைக் கனைத்தார். துறைமுகத்தில் படகாட்களுக்குத் தலைவராக இருந்த ஒரு தண்டல், தொழுகை முடிந்ததும் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்:

"காக்கா, எந்த ஊருக்குத் தொழுவுறிய? நிக்கோபாருக்கா?"

"நான் மக்காவுக்கு. நீங்கதான் ஆச்சேவுக்கு."

பினாங்குக்கு நேர் மேற்கே சுமத்ராவின் ஆச்சேதான் இருக்கிறது. தண்டல் நாற்பது வருஷம் அங்கிருந்து மிளகு ஏற்றி வந்தவர். அவருக்கு அது நன்றாகவே தெரியும். அதனால்தான் கை ஓங்கினார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே ஹாஜியார் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். 'தாங்கள் நிற்கும் நிலை ஜமாஅத்தின் ஒழுங்குக்குப் பங்கமாக இருப்பதாலும், தங்கள் வயதையும் நன்னடத்தையையும் நிர்வாகம் மதிப்பதாலும், இனிமேல் கடைசி வரிசைக்கும் பின்னால், செருப்புவிடும் இடத்தை அடுத்த தூணருகே நின்று தொழுதுகொள்ள வேண்டியது.' 'மதிப்பதாலும்' என்பது என் சொந்தச் சரக்கு. அதைச் சேர்த்ததில் எனக்கு ஓர் இரண்டு நாள் நிம்மதி இருந்தது.

காக்கா கடிதத்தைப் படித்துவிட்டுக் கிட்டங்கிக்கே வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று மிளகாய் மூட்டைக்குப் பின்னால் போகப் பார்த்தேன்.

"தம்பி, எழுத்து நல்லா இருக்கு" என்றார். "ஓரம் மட்டும் சாஞ்சிட்டே போகுது, பாருங்க. மேலே ரெண்டு விரல், கீழே நாலு விரல். அடிக்கட்டையை வச்சு ஒரு கோடு போட்டுக்கிட்டா சரியாயிடும்."

சொல்லிவிட்டு, என் மேசை ஆடுவதைக் கண்டு, பையிலிருந்து ஓர் ஆப்பை எடுத்துச் சொருகிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அவர் அந்தத் தூணருகே தனியாகவே நின்றார். ஐந்து வேளையும். சாய்ந்துதான். ஊர் பழகிவிட்டது. கப்பலில் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியில் கயிற்றைக் காட்டிவிட்டு, "அங்கே பாரு, அது கோணக்காக்கா" என்று இவரையும் காட்டுவார்கள். மழைக்காலத்தில் அந்தத் தூணடியில் கூரை ஒழுகும். நனைந்துகொண்டு நிற்பார். இரண்டு முழம் தள்ளி நின்றால் நனையாது. தள்ளி நிற்கலாமே என்று ஒருமுறை சொன்னேன். "கடுதாசியில தூணருகேன்னு எழுதியிருந்தியளே" என்றார். குத்திச் சொல்கிறாரா, உள்ளபடி சொல்கிறாரா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. உள்ளபடிதான் சொல்லியிருப்பார். குத்தத் தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

அவருடைய வீடு சுங்கை பினாங்கில், பலகை வீடு. ஒருநாள் போனேன். வீடே வலது பக்கம் சாய்ந்து நின்றது. கொல்லைப்பக்கத்துத் தூணைக் கரையான் தின்றுவிட்டது. நான் பார்த்ததை அவர் மனைவி பார்த்துவிட்டார். பாலிக் புலாவில் பிறந்து வளர்ந்தவர். தமிழை மலாய் ராகத்தில் பேசுவார்.

"பாத்தீங்களா தம்பி? ஊர்ப் பள்ளியை நிமுத்தப் போறாராம். வீட்டுத் தூணை நிமுத்த நேரமில்ல லா. சோறு வச்சா தட்டு அந்தப் பக்கம் ஓடுது. நான் ஒரு பக்கம் வச்சா அவர் கைக்கு அதுவா போயிடும். அவ்வளவு வசதி!"

"வாடகை வீடு தம்பி" என்றார் காக்கா, வெட்கத்தோடு. "வீட்டுக்காரன் கைவைக்க விடமாட்டேங்கிறான்."

"பள்ளியும் உங்க வீடா? அங்க மட்டும் ஏன் கைவச்சீங்க?"

அந்த அம்மாள் சிரித்தபடியே அவருக்கு முன்னால் இருந்த தட்டுக்கு அடியில் ஓர் ஆப்பைச் சொருகினார். அவர் தொழுவதற்குத் தரைப் பலகையில் ஆணியால் ஒரு கோடு கீறியிருந்தது. அந்த அம்மாளும் அதே கோட்டில்தான் பாய் போடுவார். அந்த ஊரிலேயே இவரை ஒப்புக்கொண்ட ஜமாஅத்து அது ஒன்றுதான். ஆள் கணக்கு ஒன்று.

காக்காவுக்குக் காட்டுக்காய்ச்சல் பழைய சிநேகம். கடைசியில் அது நெஞ்சில் இறங்கியது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு பார்க்கப் போனேன். படுத்திருந்தவர் என் கண்ணாடியைப் பார்த்தார். கை தூக்க முடியவில்லை. நானே சரி செய்துகொண்டேன்.

"தம்பி, பள்ளியை நீங்க திருப்ப வேணாம். அது உங்களால ஆகாது. என்னை மட்டும் திருப்பி வைங்க."

புரியவில்லை என்று நடித்தேன். புரியாமல் என்ன? அடக்கும்போது மையத்தை வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கிப்லாவைப் பார்க்க வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் அடக்க நிலமான மையத்தாங்கொல்லையில் கபுறுக் குழியெல்லாம் பள்ளிச் சுவருக்கு ஒத்தாற்போல் வரிசை வரிசையாக இருந்தன. அதாவது, எல்லோரும் ஆச்சேவைப் பார்த்தபடி.

"பத்துக்கு நாலு. என் நீளத்துக்கு ஒன்றரை முழம்தான் வரும். தலைமாட்டை ஒன்றரை முழம் ஒதுக்கி வெட்டச் சொல்லுங்க. யாரு நிலத்தையும் எடுக்காது. உசுரோட இருந்தப்ப எங்கே நின்னாலும் என்னால திரும்பிக்க முடிஞ்சுது. இனிமே முடியாது. அதான்."

"சரி காக்கா" என்றேன்.

"எழுதி வேணாம்" என்றார். "நீங்க சொன்னா போதும்."

வாசலில் நின்ற அவர் மனைவி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் உச்சிவேளை லுஹருக்கு முன் அவர் மௌத்தாகிவிட்டார். மையத்தைச் சுமந்த ஜனாஸாவோடு மையத்தாங்கொல்லைக்குப் போனபோது குழி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. வரிசையோடு வரிசையாக. நான் முன்னாடியே ஆள் அனுப்பியிருக்கவேண்டும். அனுப்பவில்லை. எதற்காக அனுப்பவில்லை என்பதற்கு என்னிடம் ஏழெட்டுக் காரணம் இருந்தது. இப்போது ஒன்றுகூட நினைவில்லை.

மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. குழி வெட்டியவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். நான் குழிக்குப் பக்கத்தில் போய் நின்றதைப் பார்த்த ஹாஜியார் கேட்டார். கோபமாக அல்ல, பிரியமாகவே கேட்டார்.

"என்னா செக்ரெட்டரி? ஏதாவது சொல்லணுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்டல் பார்த்தார். லெப்பை பார்த்தார், அவர் பார்வையில் 'சொல்லு' என்று இருந்த மாதிரியும் இருந்தது. ஒன்றரை முழம். அரைமணி நேர வேலை. அந்த மாதம் கிட்டங்கியில் என்னைத் தலைமைக் குமாஸ்தாவாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல ஹாஜியார். வரிசையிலேயே இருக்கட்டும். பார்க்க நல்லா இருக்கும்."

பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பெண்கள் மையத்தோடு கொல்லைக்கு வருவதில்லை. திரும்பி வந்தபோது அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் சொன்ன பக்கம்தானே வச்சீங்க, தம்பி?"

"ஆமாக்கா."

இத்தனை வருஷம் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எதையும் எழுதியதில்லை.

விதவை வீட்டோடு இருக்கும் நாலு மாத இத்தா முடிந்ததும் அவர் திசைகாட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சாய்ந்த வீட்டை வீட்டுக்காரன் திருப்பிக் கேட்டானாம். மையத்தாங்கொல்லைக்குப் பின்சந்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டாராம். "இது உங்ககிட்ட இருக்கட்டும் தம்பி. எனக்கெதுக்கு லா? சன்னலைத் தொறந்தா அவரே திசையா கிடக்கிறாரு." நான் திசைகாட்டியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன்.

அதன் பிறகு இரண்டு மூன்று வருஷத்தில் பக்கத்து ஜமாஅத்தின் பள்ளிக்குக் குவிமாடம் வந்துவிட்டது. ஹாஜியாருக்குத் தூக்கம் போயிற்று. ராஜா காலத்து அளவெல்லாம் ஒரே வாரத்தில் பழையதாகிவிட்டது. "கும்மட்டம் இல்லாத பள்ளி தலைப்பாகை இல்லாத மாப்பிள்ளை மாதிரி" என்றார். வெள்ளைக்கார என்ஜினீயர் ஒருவர் வந்தார். முற்றத்தில் மூன்றுகால் கருவியை ஊன்றி ஒரு கண்ணை மூடினார்; திறந்தார்; ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். பிறகு, நீங்கள் மக்காவைப் பார்க்கவேண்டியவர்கள் என்றால் உங்கள் சுவர் தவறான பக்கம் நிற்கிறது என்றார்.

நான் மொழிபெயர்த்தேன்.

"அப்படியா, துவான்!" என்றார் ஹாஜியார், வாய்மேல் கைவைத்து. "அல்ஹம்துலில்லாஹ்! நல்ல நேரத்துல சொன்னாரு பாருங்க. படிச்சவங்க படிச்சவங்கதான்!"

என்ஜினீயர் குனிந்து தரையைப் பார்த்தார். இரண்டு செப்பு ஆணிகள், பச்சை ஏறிப் போய். நூலைப் பிடித்துப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். அவருடைய கோட்டுக்கும் ஆணிகளுக்கும் மயிரிழை வித்தியாசமில்லை. இதை யார் அடித்தது என்று கேட்டார்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

பழைய வேலைக்காரர் யாரோ, தெரியாது என்று நான் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன்.

புதுப் பள்ளி எழும்பியது. மூன்று குவிமாடம், ஒரு மினாரா. சுவர் வடக்கே ஒதுங்கி, பத்துக்கு நாலாகவே நிற்கிறது. அந்த இருபத்துநாலு தூணும், சீனக் கொத்தனாரின் விரிந்த தாமரையும் இடிபட்டு, வண்டி வண்டியாகப் போய் எங்கேயோ சதுப்பு நிலத்தை நிரப்பின. வாசலில் பளிங்குக் கல்லில் 'கிப்லாவைச் செம்மை செய்த' என்ஜினீயருக்கும் ஹாஜியாருக்கும் நன்றி பொறித்திருக்கிறது. வாசகம் என்னுடையது. கயிற்றுப் பெட்டி அதற்குக் கீழே இருக்கிறது. கட்டடத்தில் இப்போது ஒரு முடிச்சுக்கும் வேலையில்லை. ஆனாலும் ராஜா காலத்து அளவு என்று இன்றைக்கும் காட்டுகிறார்கள்.

தண்டல் புதுப் பள்ளியின் முதல் வரிசையில், வடக்கே ஒதுங்கி, நேராக நின்று தொழுகிறார்.

புதுப் பள்ளி திறந்தபிறகு வைக்கிற கபுறுகளையெல்லாம் புதுச் சுவருக்கு ஒத்தாற்போல் வெட்டுகிறார்கள். கொல்லையில் ஒரு பாதி ஒரு பக்கமும் மறுபாதி இன்னொரு பக்கமும் பார்க்கிறது. பழைய பாதியில், கடைசி வரிசையில், தண்டலின் அண்ணனுக்கும் ஹாஜியாரின் மாமனாருக்கும் நடுவில், ஒரு விரக்கடை பிசகாமல் கிடக்கிறார் கோணக்காக்கா.

போன மாதம் அந்த அம்மாள் சொல்லி அனுப்பினார். போனேன். அறை சின்னது, சுத்தமாக இருந்தது. சன்னலுக்கு வெளியே பத்தடியில் அவருடைய தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்ட இரண்டு மீஸான் கல்லும், அப்பால் புதுக் கபுறுகளும் தெரிந்தன; பழைய வரிசையில் மற்றவற்றைப் புதர் மறைத்திருந்தது. அந்த இரண்டு கல்லுக்கும் சரியாகக் குறுக்கே, தரையில் தொழுகைப் பாய். பாயின் ஓரம் படுகிற இடத்தில் ஆணியால் கோடு கீறியிருந்தது.

"தம்பி, உங்களைத்தான் நம்பிக் கூப்பிட்டேன்" என்றார். "இப்பப் புதுசா வைக்கிற கபுறெல்லாம் பாருங்க. எல்லாம் கோணல். குழி வெட்டுறவன்கிட்ட சண்டை போட்டேன், சிரிக்கிறான். கிழவிக்குப் புத்தி போச்சுங்கிறான் லா. இவர் ஒருத்தர்தானே அங்க நேரா கிடக்கிறாரு? இவரைப் பாத்து வெட்டச் சொன்னா என்னா? நான் அஞ்சு வேளையும் இவரைப் பாத்துத்தான் பாய் போடுறேன்."

நான் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் நிற்கிறவனுக்கு மன்னிப்பு இருக்கிறது என்று காக்கா சொல்லியிருக்கிறார். அந்த அம்மாளுக்குத் தெரியாது.

"நீங்க எழுதத் தெரிஞ்சவங்க. ஹாஜியாருக்கு ஒரு கடுதாசி எழுதுங்க தம்பி. அவர் பேரைப் போட்டே எழுதுங்க."

"எழுதுறேன் அக்கா" என்றேன்.

என் எழுத்து நன்றாக இருக்கும் என்று காக்காவே சொல்லியிருக்கிறார்.